இன்-இயர் போட்டதுல இருந்து சபை பாடுறதே கேக்கல, பாடுறவங்க ஒரு காதை கழட்டிடுறாங்க. என்ன பண்ணலாம்?

நாலாம்_மைக்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சர்ச்ல ஆராதனை டீமை நான் பாத்துக்கறேன், நானும் பாடுவேன். மொத்தம் நாலு பேர் பாடுறோம், கூட கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ். முன்னாடி ஸ்டேஜ்ல வெட்ஜ் ஸ்பீக்கர் (எங்களுக்கு கேக்கறதுக்காக தரையில எங்களை பாத்து வைக்கிறது) தான் இருந்துச்சு. ஹால் பெருசு இல்ல, ஒருத்தர் என் குரல் கேக்கல கூட்டுங்கன்னு சொன்னா அடுத்தவர் எனக்கும்னு சொல்வார், கடைசில ஸ்டேஜ்ல இருந்து வர்ற சத்தமே ஹாலை நெறச்சிடும், ஃபீட்பேக் வேற. அதனால வெட்ஜ் எல்லாத்தையும் எடுத்துட்டு எல்லாருக்கும் இன்-இயர் (காதுக்குள்ள செருகிக்கற மானிட்டர் இயர்போன்) போட்டோம். கீழ உக்காந்திருக்கவங்களுக்கு சவுண்ட் நல்லாவே தெளிவாயிடுச்சு, அதுல சந்தேகமே இல்ல.

பிரச்சனை மேல தான். பாடுறவங்களுக்கு சபை பாடுறது சுத்தமா கேக்கல, ஜனங்க நம்ம கூட பாடுறாங்களா நின்னு பாத்துட்டு இருக்காங்களான்னே தெரியல, அதனால ரெண்டாவது பாட்டுக்குள்ள எல்லாரும் ஒரு காதை கழட்டி தோள்ல தொங்க விட்டுடுறாங்க. கழட்டாம பாடுறவங்க குடத்துக்குள்ள தலைய விட்டு பாடுற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. ஹார்மனி பாடுற சிஸ்டர் ஒருத்தங்களுக்கு எப்பவுமே சுருதி நல்லா நிக்கும், இன்-இயர் போட்டதுல இருந்து கொஞ்சம் கீழ இறங்குது. ஆராதனை நடத்துறவர் திடீர்னு கோரஸ் இன்னொரு தடவைன்னு கை காட்டுவார், டிரம்மர் பாக்கலன்னா அவ்ளோ தான்.

மிக்ஸர் பெரிங்கர் எக்ஸ்ஆர்18. ஆறு ஆக்ஸ் அவுட் (தனித்தனி மிக்ஸ் அனுப்புற வழி) இருக்கு, எல்லாத்தையும் மோனோவா (ரெண்டு காதுலயும் ஒரே சத்தமா) பிரிச்சு குடுத்திருக்கோம், பாடுறவங்கள்ல ரெண்டு ரெண்டு பேருக்கு ஒரே மிக்ஸ் தான். பாடுறவங்களுக்கு வயர்லெஸ் பேக் (இடுப்புல மாட்டுற ரிசீவர்), வாசிக்கிறவங்களுக்கு வயர். சவுண்ட் பாக்குற பிரதர் ரொம்ப பொறுமையானவர், என்ன சொன்னாலும் செய்வார், ஆனா என்ன சொல்லணும்னு தான் எங்களுக்கு தெரியல. இதை சரி பண்ண முடியுமா, இல்ல திரும்ப வெட்ஜுக்கே போயிடலாமா?

ஃபேடர்_பின்னாடி:

சிஸ்டர், வெட்ஜுக்கு திரும்ப போக வேண்டாம், இருக்கற மிக்ஸரை வச்சே நிறைய சரி பண்ணலாம். நான் பல வருஷமா சர்ச் சவுண்ட் தான் பாக்கறேன், நீங்க சொல்ற எல்லாமே இன்-இயருக்கு மாறுற ஒவ்வொரு டீமும் சொல்றது தான்.

மொதல்ல சபை கேக்காத விஷயம். நல்லா பொருந்துன இன்-இயர் வெளி சத்தத்துல 20 டெசிபலுக்கு மேல அடைச்சிடும், அதுக்காகத்தான் அதை போடுறோம். அப்போ நாம மைக் வச்சு காதுக்குள்ள கொண்டு வராத எதுவும் கேக்காது, சபையும் அப்படித்தான். அதனால ஸ்டேஜோட ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கண்டென்ஸர் மைக் வைங்க, முகம் ஜனங்களை பாத்து இருக்கணும், ஹால் ஸ்பீக்கர் இருக்கற கோட்டுக்கு கொஞ்சம் பின்னாடி நிக்கணும், அப்போ தான் ஸ்பீக்கர் சத்தம் நேரா அதுல விழாது. இடது மைக்கை இடது பக்கமும் வலது மைக்கை வலது பக்கமும் பேன் பண்ணுங்க (அந்தந்த பக்க காதுக்கு தள்ளுங்க), 150, 200 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கற கனமான சத்தத்தை வெட்டிடுங்க. ரொம்ப முக்கியமா, அந்த ரெண்டு சேனலும் ஹால் ஸ்பீக்கருக்கு போற மெயின் அவுட்டுக்கு போகவே கூடாது, மெயின் அசைன்மென்ட்டையே எடுத்துடுங்க, ஃபேடரை (சத்தம் ஏத்தி இறக்குற ஸ்லைடர்) மட்டும் இறக்கி வச்சா என்னிக்காவது யாராவது தெரியாம ஏத்திடுவாங்க.

சில பேர் இந்த மைக்கை ஹால் நடுவுல தொங்க விடுவாங்க, ஜனங்க சத்தம் நல்லா வரும்னு. அங்க ஒரு சிக்கல் இருக்கு. சத்தம் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி செகண்ட் எடுக்கும், பத்து மீட்டர் தள்ளி மைக் இருந்தா ஹால் ஸ்பீக்கர்ல வர்ற உங்க பாட்டே 30 மில்லி செகண்ட் லேட்டா காதுக்கு திரும்பி வரும், தாளம் கலங்கிடும். ஸ்டேஜ் ஓரமே போதும்.

இந்த மைக் எவ்வளவு வேணும்னா, பாட்டு ஓடும்போது இருக்கான்னு கவனிச்சா மட்டும் தெரியற அளவு, பாட்டு முடிஞ்சு ஜெபம், அமைதியான நேரத்துல கொஞ்சம் மேல. சவுண்ட் பிரதருக்கு கை ஓயலன்னா அந்த சேனல்ல கேட் பகுதியில டக்கிங் வச்சு லீடர் மைக்கை கீயா (அதை இயக்குற சத்தமா) குடுத்துட்டா, லீடர் பாடும்போது தானா இறங்கி நிறுத்தும்போது தானா ஏறும்.

அடுத்தது மோனோ. உங்க பிரச்சனையில பாதி இங்க தான் இருக்கு. மோனோல எட்டு பேரும் தலைக்கு நடுவுல ஒரே புள்ளியில குவியறாங்க, எது யாருன்னு பிரிச்சு கேக்க முடியாம எல்லாரும் என் குரலை கூட்டு என் குரலை கூட்டுன்னு சொல்வாங்க. ஸ்டீரியோல கீபோர்டை ரெண்டு பக்கமும் விரிச்சு, கிட்டாரை ஒரு பக்கம், ஹார்மனி குரல்களை கொஞ்சம் கொஞ்சம் அந்தந்த பக்கம் தள்ளி, கேக்கறவங்களோட சொந்த குரலை மட்டும் நடுவுல வைங்க. அதே வால்யூம்ல எல்லாமே தனித்தனியா கேக்கும். அவங்க உண்மையில நிக்கிற பக்கமே பேன் பண்ணா இன்னும் நல்லது, வலது பக்கம் நிக்கிற டிரம்ஸ் இடது காதுல கேட்டா மனசு ஒட்டாது.

ஆக்ஸ் எல்லாம் ப்ரீ-ஃபேடர் (ஃபேடருக்கு முன்னாடியே பிரிஞ்சு போறது) தானான்னு ஒரு தடவை பாத்துடுங்க. போஸ்ட்-ஃபேடர்ல இருந்தா அவர் ஹாலுக்காக ஃபேடரை அசைக்கிற ஒவ்வொரு தடவையும் எல்லார் காதும் மாறும். கெயின் (மைக் சத்தத்தை மிக்ஸர் உள்ள எடுக்குற அளவு) அதை விட மோசம், ப்ரீ-ஃபேடரா இருந்தாலும் கெயினை தொட்டா எல்லார் மிக்ஸும் சேர்ந்து மாறும், அதனால சவுண்ட்செக்ல கெயினை வச்சதுக்கப்புறம் ஆராதனை முடியற வரைக்கும் அதை தொடக்கூடாதுன்னு உங்களுக்குள்ள ஒரு பேச்சு வச்சுக்கோங்க.

மேல்ஸ்தாயி:

அக்கா, நான் பாடுறவ, அந்த சைடுல இருந்து சொல்றேன். அந்த குடம் விஷயம் மிக்ஸ்னால மட்டும் வரல. காதை அடைச்சுட்டு பேசி பாருங்க, நம்ம குரலோட கனமான பகுதி எலும்பு வழியா காதுக்குள்ள வந்து வெளிய போக வழி இல்லாம அங்கேயே முழங்கும். அரைகுறையா செருகின இயர்பட்ல இது இன்னும் ஜாஸ்தி, நல்லா உள்ள போய் உக்காந்தா குறையும். ஃபோம் டிப்பா இருந்தா விரல்ல நல்லா உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால காது மடலை மேலயும் பின்னாடியும் இழுத்து புடிச்சு உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் விரலை எடுக்காம இருக்கணும். சரியா உக்காந்துதான்னு தெரியணும்னா பேஸை கேளுங்க. பேஸ் ஒரு காதுல இருந்து இன்னொரு காதுல காணோம்னா அந்த பக்கம் சீல் இல்ல (காது முழுசா அடையல), மிக்ஸர்ல பேஸை கூட்டி பிரயோஜனம் இல்ல.

இன்னொன்னு, வாயை நல்லா திறந்து பாடும்போது தாடை அசைஞ்சு காது துவாரத்தோட வடிவமே மாறும், பல பேருக்கு மேல் ஸ்தாயி பாடும்போது மட்டும் சீல் விடறது இதனால தான். வேற சைஸ் டிப் போட்டு பாருங்க, ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் தான் வரணும்னு கட்டாயம் இல்ல. அச்சு எடுத்து செய்யற கஸ்டம் மோல்டு வாங்குற எண்ணம் இருந்தா, அச்சு எடுக்கும்போது வாயை திறந்து வச்சு எடுக்க சொல்லுங்க, பாடுறவங்களுக்கு அது அவசியம்.

இதெல்லாம் பண்ணியும் குரல் கனம் இல்லாம ஒல்லியா கேட்டா, சவுண்ட் பிரதர்கிட்ட அந்த ஆக்ஸ் அவுட்டோட போலாரிட்டிய (சத்த அலையோட மேல் கீழ் திசை) திருப்ப முடிஞ்சா திருப்பி பாக்க சொல்லுங்க. எலும்பு வழியா வர்ற குரலும் இன்-இயர்ல வர்ற குரலும் எதிரெதிரா இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு கனமான பகுதி காணாம போயிடும். சேனல்ல திருப்பாம ஆக்ஸ்ல திருப்பினா வேற யாருக்கும் பாதிப்பு இல்ல. ஒரு பட்டன் தான், எனக்கு அன்னிக்கே குரல் திரும்ப கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

சுருதி இறங்கற சிஸ்டருக்கு மொதல்ல அவங்க குரலை கொஞ்சம் குறைச்சு பாருங்க. தன் குரல் ரொம்ப கேட்டா தானா அடக்கி பாடுவோம், மூச்சு தாங்காது, சுருதி கீழ போகும். கேக்கவே இல்லன்னா எதிர்ப்பக்கம், கத்துவோம். சத்தத்துக்குள்ள நிக்கிறவங்க தானா குரலை உசத்துவாங்கன்னு 1911லயே லோம்பார்டுங்கற பிரெஞ்சு காது டாக்டர் எழுதி வச்சிருக்கார், இன்னிக்கும் அவர் பேர்ல தான் அதை சொல்றாங்க. அப்புறம் அவங்க காதுல கீபோர்டு தெளிவா இருக்கணும், அதுவும் நடு ஸ்தாயி. பேஸும் கீபோர்டு இடது கையும் சேர்ந்து குழம்பி கிடந்தா எதை புடிச்சு நிப்பாங்க? கொஞ்சம் ரிவர்பும் (ஹால்ல கேக்கற மாதிரி எதிரொலி) குடுங்க, வறட்சியா இருக்கற குரல் காதுக்குள்ள கேட்டா பாடவே மனசு வராது.

பழைய_வெட்ஜ்:

எல்லாரும் இன்-இயருக்கே பேசறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. சபையோட சேர்ந்து பாடுறது தான் ஆராதனை. அந்த சத்தத்தை மைக் வழியா காதுக்குள்ள ஊத்தினா அது நேர்ல கேக்கற மாதிரி ஆயிடாது. டிரம்ஸ் இல்லாத சர்ச், ஒரு கீபோர்டு ரெண்டு குரல்னா இன்-இயரே தேவையில்ல, சின்ன வெட்ஜ் ஒண்ணு குறைச்சு வச்சா போதும். டிரம்ஸ் இருந்தாலும் வாசிக்கிறவங்களுக்கு மட்டும் இன்-இயர் குடுத்துட்டு பாடுறவங்களுக்கு ரெண்டே ரெண்டு வெட்ஜ் வச்சு, அதுல குரலும் கீபோர்டும் மட்டும் விட்டா ஸ்டேஜ் சத்தம் அவ்ளோ ஏறாது. எங்க சர்ச்ல அப்படித்தான், நல்லா போகுது. ஒரு காதை கழட்டுறவங்களையும் ரொம்ப திட்டாதீங்க, அவங்களுக்கு ஜனங்க வேணும்.

காது_பத்திரம்:

பிரதர், டிரம்ஸ் இல்லாத இடத்துக்கு நீங்க சொன்னது முழுக்க சரி. ஆனா ஒரு காதை கழட்டுற பழக்கத்தை பத்தி நான் கொஞ்சம் அழுத்தமா சொல்லணும், கேட்டல் பரிசோதனை பண்றது தான் என் வேலை.

ரெண்டு காதுலயும் கேக்கும்போது மூளை ரெண்டையும் கூட்டிக்கும், அதே சத்தம் 3ல இருந்து 6 டெசிபல் வரை பெருசா தெரியும். ஒண்ணை கழட்டினா அந்த லாபம் போயிடும், போதாததுக்கு திறந்த காதுல டிரம்ஸும் ஹால் ஸ்பீக்கரும் வந்து விழும், அதை மீறி கேக்கணும்னு இடுப்புல இருக்கற பேக்கோட நாபை திருப்புவாங்க. இப்போ ஒரு காதுக்கு இன்-இயர் அதிகம், இன்னொரு காதுக்கு டிரம்ஸ் அதிகம். ரெண்டு காதும் அடி வாங்குது.

நியாஷ்னு சொல்ற அமெரிக்க தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட அளவு என்னன்னா, 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 94ல ஒரு மணி நேரம், 100ல வெறும் 15 நிமிஷம். பிராக்டீஸ், சவுண்ட்செக், ஆராதனை எல்லாத்தையும் கூட்டி பாத்தா எவ்வளவு சீக்கிரம் தாண்டுறோம்னு தெரியும். உள்காதுல இருக்கற முடி செல்கள் செத்தா மனுஷனுக்கு திரும்ப முளைக்காது. ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு போனதும் காதுல ங்ஙொய்னு சத்தமோ, பஞ்சு வச்சு அடைச்ச மாதிரியோ இருந்தா அன்னிக்கு சத்தம் அதிகம்னு அர்த்தம், மறுநாள் சரியாயிடுச்சேன்னு விட்டுடாதீங்க.

அதனால ஒவ்வொரு இன்-இயர் ஆக்ஸ்லயும் லிமிட்டர் (சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாம தடுக்குறது) கட்டாயம். ஒருத்தர் மைக்கை கீழ போட்டாலும் சவுண்ட் ஆன்ல இருக்கும்போதே கேபிளை புடுங்கினாலும் அந்த அடி நேரா செவிப்பறைக்கு போகுது, வெட்ஜா இருந்தா நடுவுல காத்தாவது இருக்கும். கூடவே டிப்பை யாரும் யாரோடதையும் மாத்தி போடாதீங்க, முனையில இருக்கற மெழுகு வலைய அப்பப்போ துடைங்க. ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியாயிட்டே போகுதுன்னு வர்றவங்கள்ல பாதி பேருக்கு அங்க காது அழுக்கு தான் அடைச்சிருக்கும்.

நாலாம்_மைக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல. பழைய வெட்ஜ் அண்ணா சொன்னது எனக்கு புரியுது, ஜனங்க வேணும்ங்கறது தான் எங்க எல்லாரோட ஏக்கமும், ஆனா எங்க ஹால்ல டிரம்ஸ் ரொம்ப கிட்டக்க இருக்கு, வெட்ஜ் வச்சா பழைய கதை தான்.

ஃபேடர் பிரதர், ஸ்டீரியோ குடுக்கணும்னா ஒரு ஆளுக்கு ரெண்டு ஆக்ஸ் ஆகுமே, ஆறுல மூணு பேருக்கு தான் வரும், நாங்க எட்டு பேர். இதுக்கு என்ன வழி? பெரிய மிக்ஸர் வாங்கற நிலையில சபை இப்போ இல்ல. எங்க தம்பி ஒருத்தன் ப்ளூடூத் இயர்பட் போட்டுக்கலாமேன்னு கேக்கறான், அது ஆகுமா?

ஃபேடர்_பின்னாடி:

ப்ளூடூத் வேண்டவே வேண்டாம் சிஸ்டர். அதுல சத்தம் 100, 200 மில்லி செகண்ட் லேட்டா வர்றது சாதாரணம், பாடவும் முடியாது வாசிக்கவும் முடியாது. பாடுறவங்களுக்கு 10 மில்லி செகண்டே உறுத்தும், ஏன்னா அவங்க குரல் எலும்பு வழியா உடனே வந்துடுது, இன்-இயர்ல வர்றது அதுக்கு பின்னாடி வந்து மோதும்.

ஆக்ஸ் கணக்குக்கு வர்றேன். எக்ஸ்ஆர்18ல ஆறு ஆக்ஸ் போக அல்ட்ராநெட்னு ஒரு சாக்கெட் இருக்கு, நெட்வொர்க் கேபிள் மாதிரி இருக்கும், அதுல 16 சேனல் போகும். அதுல பெரிங்கர் பி16 பெர்சனல் மிக்ஸர் மாட்டிட்டா வாசிக்கிற நாலு பேரும் அவங்க மிக்ஸை அவங்களே ஸ்டீரியோல போட்டுக்கலாம், ஒரு ஆக்ஸ் கூட செலவாகாது. எல்லாருக்கும் ஒரே நேரத்துல வாங்கணும்னு இல்ல, மொதல்ல டிரம்மருக்கும் கீபோர்டுக்கும் போட்டு பாருங்க.

அப்போ ஆறு ஆக்ஸும் பாடுறவங்களுக்கு. லீடருக்கு ரெண்டு, முழு ஸ்டீரியோ. மத்தவங்கள்ல ரெண்டு பேருக்கு ரெண்டு ஆக்ஸ், அதுக்கு உங்க வயர்லெஸ் செட்ல ஒரு வசதி இருக்கான்னு பாருங்க, ஷூர்ல மிக்ஸ்மோடுனு பேரு, சென்ஹைசர்ல ஃபோகஸ்னு சொல்வாங்க. இடது சேனல்ல பேண்டு, வலது சேனல்ல குரல்கள்னு அனுப்பினா, பாடுறவங்க இடுப்புல இருக்கற பேக்லயே ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு எவ்வளவுன்னு வச்சுக்கலாம். அந்த நிலையில பேண்டு குரல் ரெண்டும் ரெண்டு காதுலயும் கலந்து தான் கேக்கும், ஸ்டீரியோ விரிவு கிடைக்காது, ஆனா ஒருத்தருக்கு கூட்டினா இன்னொருத்தருக்கு குறையற சண்டை நின்னுடும். ஒரு டிரான்ஸ்மிட்டர் சத்தத்தை எத்தனை பேக் வேணும்னாலும் அதே அலைவரிசையில புடிச்சுக்கும்ங்கறது தான் இதுல சௌகரியம். மிச்சம் ரெண்டு ஆக்ஸ் இருக்கும், சுருதி இறங்கற சிஸ்டருக்கு அதை ஸ்டீரியோவா தனியா குடுங்க. அவங்களுக்கு தான் இப்போ தேவை.

மிக்ஸ் கட்டும்போது எல்லாத்தையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிட்டு ஆரம்பிங்க. மொதல்ல அவங்கவங்க குரல், அடுத்து கீபோர்டு, தாளத்துக்கு கிக்கும் ஹை-ஹாட்டும், அப்புறம் லீடர் குரல், மிச்சம் எல்லாம் அதுக்கு கீழ. ஏதாவது கேக்கலன்னு சொன்னா கூட்டறதுக்கு முன்னாடி எதை குறைக்கலாம்னு கேளுங்க. பாடாத நேரத்துல திறந்து கிடக்கற மைக் எல்லாம் டிரம்ஸைத்தான் புடிச்சு காதுக்குள்ள கொட்டும், அதையும் மூடணும். போன்ல இந்த மிக்ஸருக்கான ஆப் போட்டு அவங்கவங்க மிக்ஸை அவங்கவங்களே மாத்தலாம், பிராக்டீஸ்ல தாராளமா பண்ணுங்க, ஆராதனை நடுவுல போனை எடுக்க வேண்டாம்.

பேக்கை வயர்லெஸ் மைக் டிரான்ஸ்மிட்டர் பக்கத்துலயே இடுப்புல மாட்டாம இடுப்போட எதிர்ப்பக்கமா மாட்டுங்க, விட்டு விட்டு சத்தம் வர்றது பல சமயம் அதனால தான்.

ஸ்நேர்_தம்பி:

கோரஸ் இன்னொரு தடவை விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன், நான் டிரம்ஸ். எங்க டீம்ல கீபோர்டு வாசிக்கிற அண்ணா பக்கத்துல ஒரு மைக் இருக்கு, அது எங்க காதுக்கு மட்டும் தான் வரும், ஹாலுக்கு வராது. காலால அமுக்குற சுவிட்ச் போட்டிருக்கோம், அமுக்கும்போது மட்டும் திறக்கும், இல்லாட்டி அவர் இருமுறது எல்லாம் காதுல வரும். லீடர் கைய அசைச்சதும் அண்ணா கோரஸ் அப்படின்னு ஒரே வார்த்தை, ரெண்டு பீட் முன்னாடியே சொல்லிடுவார். திரும்பி திரும்பி லீடரை பாத்துட்டு வாசிச்ச காலம் போச்சு. இன்-இயர்னால கிடைச்ச பெரிய நன்மை எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

டிரம்ஸ் வாசிக்கிறவங்களுக்கு வயர்லெஸ் வேணாம், உக்காந்த இடத்துல தானே இருக்கோம், வயரே நல்லது, பேட்டரி கவலையும் இல்ல. கிக்கோட அதிர்வு காதுல கிடைக்கலன்னு வால்யூமை ஏத்தாதீங்க, ஸ்டூலுக்கு அடியில மாட்டுற ஷேக்கர் கிடைக்குது, உடம்புல தெரியும்.

நாலாம்_மைக்:

சவுண்ட் பிரதர் கூட உக்காந்து இந்த பதில் எல்லாத்தையும் படிச்சோம். சபைக்கு ரெண்டு மைக், ஸ்டீரியோ, ஆக்ஸ் லிமிட்டர் மூணையும் இந்த வார பிராக்டீஸ்லயே ஆரம்பிக்கறோம், டாக்பேக்குக்கு (ஸ்நேர் தம்பி சொன்ன, எங்க காதுக்கு மட்டும் வர்ற மைக்) ஒரு பழைய மைக் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், சபை மைக்கை போட்டதும் டிரம்ஸும் அதுல சேர்ந்து வந்துடாதா?

ஃபேடர்_பின்னாடி:

வரும், கொஞ்சம் வரத்தான் செய்யும். கார்டியாய்டு மைக்கா எடுத்து அதோட பின்பக்கம் நேரா டிரம்ஸை பாக்கற மாதிரி திருப்பி வைங்க, பின்னாடி இருந்து வர்றதை அது நல்லா தள்ளிடும். ஒருத்தரை டிரம்ஸ் அடிக்க விட்டுட்டு ஹெட்போன்ல அந்த சேனலை மட்டும் கேட்டுக்கிட்டே ஸ்டாண்டை கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, ஸ்நேர் சட்டுனு அமுங்கற கோணம் ஒண்ணு கிடைக்கும், தரையில டேப் ஒட்டி குறிச்சு வச்சிடுங்க. வெறும் ஹால்ல வச்ச லெவல் ஜனங்க வந்ததும் மாறும், அதனால மொத பாட்டு ஓடும்போது அவர் ஒரு தடவை இன்-இயர் மாட்டி லீடரோட மிக்ஸை கேட்டு அந்த ரெண்டு சேனலை மட்டும் சரி பண்ணட்டும். போட்டு பாத்துட்டு அந்த சிஸ்டருக்கு சுருதி எப்படி நிக்குதுன்னு வந்து எழுதுங்க.